ஜன்னலுக்கு வெச்ச பொட்டு

உக்காருங்க அம்மிணி, இங்கியே உக்காருங்க. அந்தச் சேருக்குக் காலு ஆடும். உள்ள டாக்டரு ஒருத்தருக்குப் பல்லு வேரு சுத்தம் பண்ணீட்டு இருக்கறா, சித்த நேரமாகும். உங்களுக்கென்ன, கடவாப்பல்லுங்களா? கன்னத்தப் பாத்தாலே தெரியுது. உப்புத்தண்ணி கொப்புளிச்சீங்களா?

எனக்கு வலியெல்லாம் இல்லீங்க. தூக்கத்துல பல்லக் கடிக்கறேனாமுங்க. எங்கூட்டுக்காரரு சொல்றாரு, பக்கத்துல படுக்க முடியல, மாவு மில்லு ஓடற மாதிரி இருக்குதுன்னு. தூங்கறவளுக்கு அது எப்படிங்க தெரியும்? ஆனா பல்லு ஓரம் பேந்து போச்சு, அது நெசம். அதுக்கு இந்த டாக்டரு ஒரு தகடு செஞ்சு வெச்சிருக்கறா. படுக்கப் போறப்ப பல்லு மேல மாட்டிக்கோணுமாம். இன்னிக்கு அதைய மாட்டிப் பாக்கறக்குத்தான் வரச் சொன்னா.

டாக்டரப் போயி 'அவ இவ'ங்கறாளேன்னு பாக்கறீங்க. என்ற கொழுந்தனாரு சம்சாரமுங்க அவ. நான் பெரிய மருமக, அவ சின்ன மருமக. சுகந்தின்னு வெளிய போர்டுல பாத்திருப்பீங்க, பேருக்குப் பின்னால வால் மாதிரி எழுத்தா இருக்கும். எனக்குப் பேருக்கு முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்ல. சம்பூரணம், அவ்வளவுதான்.

பொறாமையான்னு கேட்டறாதீங்க. இந்த வயசுல எனக்கெதுக்குங்க அதெல்லாம். நடந்ததச் சொல்றேன், யாரு பக்கம் நாயம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க எனக்கும் வேண்டியவங்க இல்ல, அவளுக்கும் வேண்டியவங்க இல்ல.

எங்கூட்டுக்காரரு பம்பு கம்பெனியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ரிட்டையர் ஆனா ஊருல காசிக்குப் போவாங்க, இல்லாட்டி தோட்டத்துல ரெண்டு மாடு வாங்கிக் கட்டுவாங்க. இவரு ஏரோப்பிளேன் கட்டறேன்னாரு. சிரிக்காதீங்க, கன்னம் வலிக்கும். நெசமான ஏரோப்பிளேனுங்க, ஆளு உக்காந்து பறக்கறது. சின்னது, ரெண்டே சீட்டு. ஓட்டறக்குக் கிளப்புல சேந்து லைசென்ஸெல்லாம் முன்னமே வாங்கி வெச்சிருந்தாரு. சின்ன வயசுலருந்தே அந்தப் பைத்தியம். சாமானெல்லாம் வெளிநாட்டுல இருந்து பெட்டி பெட்டியா வந்துச்சு. எங்களுக்குச் சுல்தான்பேட்டைப் பக்கம் தோட்டம். அங்க பிராய்லர் கோழி வளத்தின செட்டு ஒண்ணு காலியாக் கெடந்துச்சு, அதுலதான் கட்டுனாரு. மொத வருசமெல்லாம் எதைய எடுத்தாலும் கோழி எறகு ஒட்டிக்கிட்டு வரும்.

அந்த ஏரோப்பிளேனுக்கு ரெக்கை இருக்குதுங்களே, அது என்ற வேலை. தகரம்னு நெனைக்காதீங்க, துணி. அலுமினியக் கூட்டு மேல துணியப் போத்தி, பசை தடவி ஒட்டி, அப்பறம் இஸ்திரிப்பெட்டிய வெச்சுத் தேய்க்கோணும். சூட்டுக்குத் துணி சுருங்கி மத்தளமாட்டம் இறுகிக்கும். சூடு கூடுனா பொசுங்கீரும், கொறஞ்சா தொளதொளன்னு நிக்கும். கல்யாணமான புதுசுல இருந்து ஊருக்கே ஜாக்கெட் தெச்சவ நான். துணி என்ற பேச்சக் கேக்கும். ரெண்டு ரெக்கை, வாலு, அத்தனையும் நாந்தான் போத்துனேன். கையெல்லாம் பசை ஆகிப் போகும். அதைய எடுக்கறக்கு, பெயிண்டுல கலக்குவாங்களே தின்னர், அது ஒரு டின்னு வெச்சிருந்தேன். செட்டுல அந்த டின்ன வேற யாரும் தொட மாட்டாங்க. எது ஒட்டுனாலும் சரி, எந்தக் கறையானாலும் சரி, பழைய பனியன் துணியில நனைச்சு ஒரு தொடை. போயிரும்.

இவ்வளவும் முடிச்சப்ப எங்கூட்டுக்காரரு என்ன சொன்னாருங்கறீங்க? ரெக்கைய ஒரு தட்டுத் தட்டிப் பாத்துட்டு, 'ம், ஆச்சு'ன்னாரு. அவரு அப்படித்தானுங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல கொழம்பு நல்லா இருக்குதுன்னு ஒரு நாளு சொன்னதில்ல. சொல்லாட்டி நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஆனா அன்னிக்குப் பொழுதோட டீ குடிச்சுட்டே சொன்னாருங்க, "சம்பூரணம், நான் தனியா ஓட்டிப் பாத்து எல்லாஞ் சரின்னு ஆனதும், பக்கத்து சீட்டுல மொதல்ல உக்காரப் போறது நீதான்."

நான் கேக்கவே இல்ல, அவராத்தான் சொன்னாரு. ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுசன் அதைய சொன்னாருன்னா, எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். பால்காரருகிட்டக்கூடச் சொன்னேன்.

அப்பறந்தான் இந்த ஜன்னலு வேலை வந்துச்சு.

முன்னாடி பெரிய கண்ணாடி வளைச்சே பெட்டியில வந்துருச்சு. ரெண்டு பக்கக் கதவு ஜன்னலுக்குத்தான் நாமளே வெட்டி மாட்டோணும். கண்ணாடின்னு வாய்க்கு வருதே ஒழிய, அது கண்ணாடி இல்லீங்க, அக்ரிலிக். கடைக்குப் பேரு போர்டு செய்வாங்களே, அந்த ஜாதிதான், கொஞ்சம் ஒசத்தி. கீறல் விழாம இருக்க ரெண்டு பக்கமும் காக்கிக் காயிதம் ஒட்டி வரும். எங்கூட்டுக்காரரு இரும்புக்கு ஓட்டை போடற மாதிரியே அதுக்கும் போட்டாரு. டிரில்லு பிட்டு உள்ள போற வரைக்கும் ஒண்ணுமில்ல. அடிப்பக்கம் வெளிய வர்றப்ப டப்புன்னு ஒரு சத்தம், ஓட்டையில இருந்து ஓரம் வரைக்கும் கோடு. மறுக்கா ஒரு தகடு எடுத்தாரு, மறுக்கா டப்பு. அப்பறம் அவருக்குச் சோறே எறங்கல.

அந்த ஞாயித்துக்கெழமைன்னு பாத்து கொழுந்தனாரும் இவளும் தோட்டத்துக்கு வந்தாங்க. இவ அந்த ஒடைஞ்ச துண்ட எடுத்தா, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா, நகத்துல சொரண்டிப் பாத்தா. "பெரிய மாமா, இது எங்க சாமானுங்க"ன்னா. பல்செட்டு செய்யறதும் இதே வகைதானாம். பிட்டோட கூர்ப்ப மழுக்கோணும், அடியில கட்டை குடுக்கோணும், சூடாக உடாம மெதுவாப் போகோணும். ஸ்குரூவ விட ஓட்டை பெருசா இருக்கோணும், வெயிலுக்கு இது விரியும், விரியறக்கு எடமில்லாட்டி வெடிச்சுப் போகும். ஓரத்துல ஒரு பிசிறு இருக்கக் கூடாது, வெடிப்பு அங்கிருந்துதான் கெளம்பும். இப்படிச் சொல்லீட்டே போறா. எங்கூட்டுக்காரரு வாயத் தொறந்துட்டு நிக்கறாரு. பல்லு டாக்டருகிட்ட எல்லாரும் வாயத் தொறக்கறவங்கதான், ஆனா இவரு பல்லக் காட்டறக்குத் தொறக்கலீங்களே.

அன்னியிலிருந்து ஞாயித்துக்கெழமையானா வந்துருவா. அட்டையில அளவு வெட்டிக் கதவுல வெச்சுப் பாப்பா, எடுப்பா, ஓரத்துல ஒரு துளி கத்தரிப்பா, மறுக்கா வெச்சுப் பாப்பா. அட்டை சரியா உக்காந்தப்பறந்தான் தகட்டையே தொட்டா. பல்லு தேய்க்கற சின்ன மிஷினக் கிளினிக்குல இருந்து கொண்டாந்து ஓரத்த வழிச்சா. எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னு டார்ச் புடிக்கறாரு. நான் ரெக்கை தேச்சப்ப ஒரு நாளாச்சும் டார்ச் புடிச்சிருப்பாருங்களா? இஸ்திரிப்பெட்டி ஒயர மிதிக்காம இருந்தாலே பெருசு.

"கையா அது"ங்கறாரு. நான் டீ டம்ளரோட நிக்கறேன். "ஒரு மயிரளவு பெசகலியே"ங்கறாரு. டீ ஆறிப் போகுது. அவ அதுக்குச் சிரிக்கறதுகூட இல்ல, வேலையவே பாத்துட்டு இருக்கறா. சிரிச்சிருந்தா நான் மன்னிச்சிருப்பேனுங்க.

ஒட்டற நாளு வந்துச்சு. ஜன்னலு ஓரத்த மட்டும் காயிதத்த உரிச்சு, உப்புக்காயிதத்துல சொரசொரன்னு தேச்சு, கிளினிக்குல இருந்து கொண்டாந்த ஸ்பிரிட்டுல தொடச்சா. கதவுச் சட்டத்துல கறுப்பா ஒரு பசை, பற்பசையாட்டம் கோடு போட்டு, தகட்டத் தூக்கி மெதுவா உக்கார வெச்சு, ஸ்குரூவையும் போட்டா. நான் ஒரு நல்ல மனசுல, ஓரத்துல வழியற பசையத் தொடச்சு உடலாம்னு என்ற தின்னர் துணிய எடுத்துட்டுப் போனேன். ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, தின்னர் மட்டும் வேண்டாங்க்கா. இதுக்கு அது வெசம். பட்ட எடமெல்லாம் உள்ளுக்குள்ள வெடிச்சுப் போகும்."

எல்லாரு முன்னாலயும் சொன்னா. நான் அந்தத் தின்னர்ல கைய முக்கி முக்கித்தானுங்களே அத்தன ரெக்கையும் போத்துனேன்? என்ற கை வெடிக்கல, அவ தகடு வெடிச்சுருமாமா. படிச்சவங்க ஒண்ணச் சொன்னா நாம பத்தா எடுத்துக்கோணும்னு நெனைக்கறாங்க.

அதுகூடப் போகட்டுமுங்க. அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு அவ கையக் கழுவீட்டு இருக்கறா. நான் முறுக்குத் தட்டோட செட்டுக்குள்ள போறேன். எங்கூட்டுக்காரரு அவகிட்டச் சொல்றது காதுல உழுது. "அம்மிணி, இந்த ஜன்னலு வழியா மொதல்ல பாக்கறது நீயாத்தான் இருக்கோணும். ஓட்டிப் பாத்ததும் உன்னைய ஒரு சுத்து கூட்டீட்டுப் போறேன்."

முறுக்குத் தட்டக் கீழ வெச்சுட்டு வந்துட்டேன். அவரு மறந்துட்டாருங்க. வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். எனக்குச் சொன்னதையே மறந்துட்டாரு. வேணும்னு செஞ்சிருந்தாக்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

அப்பறம் ஆயுதபூஜை வந்துச்சு. பூஜை முடிஞ்சு கொஞ்ச நாள்ல கவர்மெண்டு ஆபீசரு வந்து ஏரோப்பிளேனப் பாத்துக் கையெழுத்துப் போடறதா இருந்துச்சு, அவரு போட்டாத்தான் பறக்கலாம். அதனால இந்தத் தடவை பூஜைய பெருசாச் செஞ்சுரலாம்னு சொந்தக்காரங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாரு. எல்லாரும் பாக்கோணும்னு ஜன்னலு காயிதத்தையும் உரிச்சாச்சு. உள்ளதச் சொல்லோணும், அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. கொழுந்தனாரு வெரல உட்டு இருக்குதா இல்லியான்னு பாக்கப் போயி, அவ சத்தம் போட்டா.

எங்கூட்ல பூஜைன்னா எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறது நாந்தானுங்க. மோட்டார், தறி, ஸ்கூட்டர், அருவாமணை, எதுவானாலும் பெரிய மருமக கைதான். எங்க மாமியா இருந்தப்பவே அந்தத் தட்ட எனக்குக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு இன்ஜினுக்கு வெச்சேன், ரெக்கைக்கு வெச்சேன், சக்கரத்துக்கு வெச்சேன். கதவுகிட்ட வந்தேன். எங்கூட்டுக்காரரு தட்ட என்ற கையிலிருந்து வாங்கி அவகிட்டக் குடுக்கறாரு. "ஜன்னலு உன்ற வேலை, நீயே வெச்சுரு அம்மிணி"ங்கறாரு.

நீங்களே சொல்லுங்க. சொந்தக்காரங்க அத்தன பேரு நிக்கறாங்க.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. வேண்டாம்னு சொல்லுவான்னு பாத்தேன், சொல்லல. வெரல் நுனியில துளியூண்டு குங்குமத்த எடுத்து, ஜன்னலு மேல வெக்காம, பக்கத்துல அலுமினியச் சட்டத்துல ஒட்டுனா. கடுகத்தனை. விபூதி, குங்குமம் பட்டா அக்ரிலிக்கு கீறிக்குமாம். சாமிக்குப் பயப்படாம தகட்டுக்குப் பயப்படறா.

எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் திரும்பிப் பாத்தேன். மூளி நெத்தியாட்டம் ரெண்டு ஜன்னலும் வெறிச்சுன்னு இருக்குது. பூஜையன்னிக்கு ஒரு சாமான் அப்படி நிக்கலாமுங்களா? வானத்துல போறதுங்க அது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா? விபூதியக் கொழைச்சு மூணு வெரல்லயும் பட்டையாப் போட்டேன். நடுவுல சந்தனம், அதுக்கு மேல நல்லெண்ணெய் தொட்டுக் குங்குமம், அகலமா. ரெண்டு பக்கமும். அப்பத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு.

மறுநாள் காலையில எங்கூட்டுக்காரரு செட்டுக்கு வர்றக்கு முன்னால தொடைக்கப் போனேன். விபூதி ஒதுந்துருச்சு, குங்குமம் போகல. தேச்சா செவப்பா இழுவிக்கிச்சு. ஈரத்துணி போட்டேன், போகல. அப்பறம் எது போகும்னு எனக்குத்தானே தெரியும். பனியன் துணியில என்ற டின்னுல இருந்து ஒரு துளி. ரெண்டு பக்கமும் ஒரே தொடை. பளிச்சுன்னு ஆச்சுங்க. கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தமாத் தொடச்சு வெச்சேன், அவ்வளவுதான் நான் செஞ்சது.

பொழுதோட எங்கூட்டுக்காரரு செட்டுல இருந்து கூப்பிடறாரு. கொரலே சரியில்ல. போயிப் பாத்தா, ரெண்டு ஜன்னலுக்குள்ளயும் முடி முடியா வெடிப்பு. தொட்டா வழவழன்னுதான் இருக்குது, உள்ளுக்குள்ள மட்டும் வெடிச்சிருக்குது. வெயிலு பட்டா அத்தனையும் மினுமினுங்குது. ஓட்டையச் சுத்தி, ஓரத்துல, நடுவுல, எங்க பாத்தாலும். பாத்தீங்களா, அத்தன வாரம் அளந்து அளந்து செஞ்சது.

போன் பண்ணி வரச் சொன்னாரு, வந்தா. ஜன்னலுகிட்டக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தா. மூக்கக் கிட்டக் கொண்டு போனா. ஸ்குரூ ஓட்டைக்குள்ள ஒரு ஊசிய உட்டு எதையோ செவப்பாக் கிண்டி எடுத்து நகத்துல வெச்சுப் பாத்தா. அப்பறம் அலமாரியப் பாத்தா, என்ற டின்னு இருக்கற எடத்த. அப்பறம் என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். எனக்கென்ன பயம்?

அவ எங்கூட்டுக்காரரு பக்கம் திரும்பிச் சொன்னா, "எம்மேலதான் தப்புங்க மாமா. ஸ்குரூவ இறுக்கீட்டேன் போல இருக்குது. நானே மறுபடி செஞ்சு தர்றேன்."

கேட்டீங்களா? டாக்டரே ஒத்துக்கிட்டா. அதுக்கப்பறம் நாம என்னத்தச் சொல்றது? படிச்சவ சொல்றா, ஸ்குரூன்னு. நான் தையக்காரி, எனக்கு ஸ்குரூவப் பத்தி என்ன தெரியும்?

எங்கூட்டுக்காரருக்கு அன்னிக்கு வந்துச்சு பாருங்க கோபம். ஆபீசரு வர்ற நாளு போச்சுன்னு. "பல்லு வேலையும் இதும் ஒண்ணுன்னு நெனச்சுட்டியா? மேல போறப்ப ஒடைஞ்சிருந்தா என்ன ஆகறது?"ன்னு கத்துனாரு. அவ தலையக் குனிஞ்சுட்டு நின்னா. கொழுந்தனாரு மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கு, பொய் சொல்லக் கூடாதுங்க, வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன். அப்பெல்லாம் பல்லக் கடிக்கறது கெடையாது.

பழைய தகட்ட அவளே கழட்டுனா. ஒரு கம்பிய உட்டு அறுத்து அறுத்துப் பசைய எடுத்தா, வெரலெல்லாம் வெட்டு. கழட்டுனத செட்டுல போடாம அவ கார்லயே எடுத்துட்டுப் போயிட்டா. ஒரு துண்டுகூட உடல. எதுக்கு எடுத்துட்டுப் போறான்னு அப்ப நான் ரோசிக்கல. கிளினிக்கக்கூட மூடிட்டு வந்து, புதுசா வெட்டி, புதுசாத் தேச்சு, புதுசா ஒட்டுனா. இந்தத் தடவை டார்ச் புடிக்க ஆளில்ல. அவளே வாயில கவ்விக்கிட்டு வேலை செஞ்சா. நான் டீ கொண்டு போயி வெச்சேன். "தேங்க்ஸ்க்கா"ன்னா. அவ சொன்ன விதத்துல ஒண்ணுமே இல்லீங்க, சாதாரணமாச் சொன்னா. அதுதான் என்னைய என்னவோ பண்ணுச்சு.

சரி. ஆபீசரு வந்தாரு, பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு. உடுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லு ஓனரு தோட்டத்துல ரன்வே இருக்குது. அங்க கொண்டு போயி எங்கூட்டுக்காரரு தனியா ஓட்டிப் பாத்தாரு. பல தடவை ஓட்டி எல்லாஞ் சரின்னு ஆனப்பறம் ஒரு நாளு வந்து, "சம்பூரணம், ஞாயித்துக்கெழமை நீ கெளம்பு"ன்னாரு. எனக்குத் தரையில காலு நிக்கல. மறக்கல பாத்தீங்களா, எனக்குச் சொன்னது அவருக்கு நெனப்பு இருந்திருக்குதுன்னு நெனச்சேன். பட்டுச்சேலை கட்டலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் ரோசனை.

அப்பறந்தான் கொழுந்தனாரு ஒளறி வெச்சாரு. அன்னிக்குக் கத்துனது இவருக்கு உறுத்திட்டே இருந்திருக்குது. அதனால மொதல்ல அவளைத்தான் கூப்பிட்டிருக்கறாரு. அவ மாட்டேன்னுட்டாளாம். "அக்காவ கூட்டீட்டுப் போங்க மாமா, அக்கா போகாம நான் போக மாட்டேன்"னாளாம். என்ற சீட்ட எனக்கே தானம் பண்ணியிருக்கறா. எனக்குன்னு சொல்லி வெச்ச சீட்டுங்க அது.

போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலீங்க. பால்காரரு வரைக்கும் சொல்லி வெச்சிருந்தேனே.

ஞாயித்துக்கெழமை அவளும் வந்தா. நான் ஏறறக்கு அவதான் கை குடுத்தா. பெல்ட்டு மாட்டி விட்டா. காதுக்கு ஹெட்செட் வெக்கறக்கு முன்னால, எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கம் எதையோ முறுக்கீட்டு இருந்தப்ப, குனிஞ்சு சொன்னா. ஜன்னலுக்குக் கீழ, என்ற பக்கம், புதுசா ஒரு சின்ன அலுமினியத் தகடு ஒட்டியிருந்துச்சு, காசு அகலத்துக்கு. அதைய வெரல்ல தொட்டுக் காட்டுனா. "அக்கா, பூஜைக்குப் பொட்டு வெக்கறக்கு இது. இங்க எவ்வளவு பெருசா வேணும்னாலும் வெச்சுக்குங்க. கறை புடிச்சா தின்னர்கூடப் போடலாம், இது தாங்கும்."

கதவச் சாத்தீட்டுப் போயிட்டா.

எப்படி இருந்துச்சு பறந்ததுன்னு எல்லாரும் கேக்கறாங்க. பால்காரரும் கேட்டாரு. நல்லா இருந்துச்சுன்னேன். எங்கீங்க பாத்தேன்? கீழ தென்னந்தோப்பெல்லாம் போச்சு, கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் போச்சு, எங்கூட்டுக்காரரு அங்க பாரு இங்க பாருங்கறாரு. நான் அந்தக் காசகலத் தகட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஓரத்தக்கூட வழவழன்னு தேச்சு வெச்சிருந்தா, என்ற கையக் கீறக் கூடாதுன்னு. எறங்குனதும் இவரு கேக்கறாரு, "சுகந்தி ஜன்னலு எப்படி, துளி ஆடுச்சா பாத்தியா?" அன்னிக்கு ராத்திரியில இருந்துதான் இந்தப் பல்லக் கடிக்கற யேவாரம்.

அவளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குதுங்க. தெரிஞ்சுதான் வெடிச்ச ஜன்னலுத் தகட்டக் கார்ல போட்டு எடுத்துட்டுப் போயிருக்கறா, யாரு கண்ணுலயும் குங்குமம் படக் கூடாதுன்னு. எங்கூட்டுக்காரருகிட்ட இன்ன வரைக்கும் மூச்சு உடல. அவரு அப்பப்ப இன்னும் சொல்லுவாரு, சுகந்தி நல்ல வேலைக்காரிதான், மொதத் தடவை ஸ்குரூவ இறுக்கீட்டான்னு. அவ கேட்டுட்டு சிரிச்சுக்கறா.

நான் சொல்லீரலாம்னுதான் நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் ரோசிச்சுப் பாத்தேன். சொன்னா என்ன ஆகும்? தப்பத் தன் மேல போட்டுக்கிட்டு, திட்டையும் வாங்கிக்கிட்டு, வெரலெல்லாம் வெட்டு வாங்கி மறுக்காவும் செஞ்சு குடுத்தாளேன்னு எங்கூட்டுக்காரரு அவளைக் கொண்டு போயிப் பூஜை ரூமுலயே வெச்சுருவாரு. அன்னிக்கு டார்ச் புடிச்சவரு, அப்பறம் சூடம் காட்டுவாரு. அதைய நான் பக்கத்துல நின்னு பாக்கோணுமா? அதனால சொல்லலீங்க. அவளுக்குப் பேரு வாங்கிக் குடுக்கற வேலை எனக்கெதுக்கு?

நாயம் சொல்லுங்கன்னு உங்களக் கேட்டேனே, அது இதுதான். ஜன்னலு அவ வேலைன்னாங்க, சரி. கை அவ கைதான் கைன்னாங்க, சரி. என்ற சீட்டயும் அவதான் எனக்குக் குடுத்தா, அதும் சரி. ஒரு பேச்சுக்கு வெச்சுக்கலாம், ஜன்னல வெடிக்க உட்டது நாந்தான்னே வெச்சுக்கலாம். அப்ப அது என்றது தானுங்களே? நான் செஞ்சது. எங்கூட்டுக்காரரு கத்துனா என்னையத்தான் கத்தியிருக்கோணும். அந்தக் கோபமாச்சும் எனக்குன்னு வந்திருக்கும். அதையும் அவ எடுத்துக்கிட்டாளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?

இருங்க, கூப்பிடறா. இதா வந்துட்டேன்.

கேட்டீங்களா, 'அக்கா வாங்க'ன்னு. கொரல்ல துளி வெசமிருக்குதா பாருங்க. என்ற பல்லுக்கு மாட்டற அந்தத் தகடும் அதே அக்ரிலிக்தானுங்க. எனக்குன்னு ராவெல்லாம் உக்காந்து தேச்சாளாமா, நர்சு சொல்லுச்சு.

எனக்கப்பறம் உங்களத்தான் கூப்பிடுவா. பயப்படாமப் போங்க அம்மிணி. கடவாப்பல்லு, ஊசி போடுவா, ஆனா வலிக்காது. நானும் எத்தனையோ தடவை பாத்துட்டேன். அவ கை பட்டா வலிக்கவே வலிக்காதுங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.